முதல் தெரிவும் மட்டன் ரோல்ஸும்

ஈஸ்ட் டாமாக்கி வெயார்ஹவுஸில் வேலை செய்யும் கேதீஸ்வரனுக்கு அமெரிக்க பேஸ்பால் என்றால் பைத்தியம். புது வீரர்களைத் தெரிவு செய்யும் வாய்ப்பை அணிகள் கைமாற்றவே கூடாது என்று கலியாணவீட்டுச் சாப்பாட்டு வரிசையிலும் சண்டை பிடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பேஸ்பால் போன்ற சாஃப்ட்பால் ஆட்டம்; முதல் ஆளைத் தெரிவு செய்யும் வாய்ப்பு ஒரு அணியின் தலைவரான அவருக்கே விழுந்தது. அதை எதிரணித் தலைவி சிவானியிடம் கொடுத்து, அவளுடைய பழைய ஆட்டக்காரர், ஓடவே முடியாத விநாயகமூர்த்தியை வாங்கினார். புருஷன் ஆடும் அணிக்குத்தான் விநாயகமூர்த்தியின் மனைவி வசந்தமலர் மட்டன் ரோல்ஸ் கொண்டுவருவார்.

"அப்ப உங்கட கொள்கை, அண்ணை?" என்றாள் சிவானி.

"அது அமெரிக்காவுக்கு."

"ஓம். அப்ப என்ர முதல் தெரிவு மலரக்கா."

வசந்தமலர் ரோல்ஸ் பெட்டியோடு சிவானியின் பக்கம் போனார்.

"கேதீஸ், என்னைத் திருப்பிக் குடுக்கேலாதோ?" என்றார் விநாயகமூர்த்தி.