நீடாமங்கலம் கேட்டில் பத்து நிமிடம்

பகல் 12.10, தஞ்சாவூர்

ஜமால் பாய் இறந்துபோன செய்தி பதினொன்றே முக்காலுக்குத்தான் எனக்கு வந்தது. அவருடைய மகன் ரியாஸ் பேசினான்.

"சார், வாப்பா மௌத்தாயிட்டாங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்கு. உங்க நம்பரத் தேடி எடுக்கறதுக்கு நேரமாயிடுச்சு. நாலு மணி அஸர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம். வந்துடுங்க சார்."

நாகப்பட்டினத்தில் பதினோரு வருடம் நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஜமால் பாய். துபாயில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கை கறுக்க வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். என்னுடைய பழைய பெட்ரோல் ஜீப்பை நாற்பது வயது தாண்டியும் ஓட வைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை என்று வருடத்துக்கு ஒரு முறை இரண்டு பேருமாகக் கிளம்பிவிடுவோம்.

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் எண்பத்து மூன்று கிலோமீட்டர். பஸ் பிடித்திருந்தால் மூன்று மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பேன். நான் ஜீப்பை எடுத்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் போனில் பேசியபோது அவர், "ஜீப்ப எடுத்துக்கிட்டு ஒரு தடவ வாங்க சார், அது சத்தம் கேட்டு நாளாச்சு" என்று சொல்லியிருந்தார். வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்று அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். என்ன பாய் உடம்புக்கு என்று நான் கேட்கவில்லை. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பகல் 12.50, அம்மாபேட்டை

ஐந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டேன். வானம் கறுத்துக் கிடந்தது. தை பிறந்துவிட்டது, அறுவடை மும்முரமாக நடக்க வேண்டிய நேரம். மூன்று நாளாக விட்டு விட்டு மழை. சாலைக்கு இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் கதிரோடு சாய்ந்து தண்ணீரில் படுத்திருந்தது. வரப்பில் குடையோடு நின்ற ஒருவர் ஒரு கதிரைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கீழே விட்டார். இன்னும் இரண்டு நாள் போனால் நெல் கதிரிலேயே முளைத்துவிடும்.

பகல் 1.20, நீடாமங்கலம்

இந்த ரயில்வே கேட்டைத் தெரியாதவர்கள் டெல்டாவில் இருக்க முடியாது. மூடினால் எப்போது திறக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு ரயில் போகும், கேட் திறக்காது, எதிர்ப் பக்கமிருந்து இன்னொன்று வரும். வேர்க்கடலைக்காரர், கொய்யாப்பழக்காரம்மா எல்லோருக்கும் பிழைப்பே இந்தக் கேட்டில்தான். இன்றைக்கு இருபத்தைந்து நிமிடம் மூடியிருந்தது. பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன்.

எனக்கும் ஜமால் பாய்க்கும் இடையில் விரிசல் விழுந்தது இதே கேட்டில்தான். நான்கு வருடம் ஆகிறது.

ஜீப்பில் பெட்ரோல் டேங்க் பின்பக்கம், என்ஜின் முன்பக்கம். பின்னால் இருப்பதை இழுத்து முன்னால் கொண்டுவர ஒரு பம்பு வேண்டும். பழைய வண்டிகளில் அது மெக்கானிக்கல் பம்பு. என்ஜின் பக்கவாட்டில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். என்ஜின் சுற்றும்போது உள்ளேயிருந்து ஒரு நெம்புகோல் தட்டும், பம்புக்குள் இருக்கும் சவ்வு மேலும் கீழும் அசையும், பெட்ரோல் ஏறும். கரண்டே வேண்டாம். ஆனால் என்ஜினோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் சூடு முழுவதும் அதற்கும் ஏறும். வெயிலில் வண்டி ஒரே இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தால் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிவிடும். அப்புறம் பம்பு வெறும் காற்றைத்தான் இழுக்கும்.

அன்று சித்திரை வெயில். அரை மணி நேரம் கழித்துக் கேட் திறந்தது. எல்லா வண்டியும் கிளம்பியது, எங்கள் ஜீப் கிளம்பவில்லை. பின்னால் இரண்டு பஸ், ஒரு நெல் லாரி. ஹாரன் காதைக் கிழித்தது. ஜமால் பாய் நிதானமாக இறங்கி, தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பம்பு மேல் சுற்றினார்.

"பத்து நிமிஷம் சார். ஆறிடும், கிளம்பிடலாம்."

பஸ் டிரைவர் என் வயதுக்குக்கூட மரியாதை தராமல் திட்டினார். எனக்கு ஏறிய கோபத்தை அவர் மேல் காட்டத் தைரியமில்லை. பக்கத்தில் நின்றவர் மேல் காட்டினேன். "உங்க பத்து நிமிஷத்த நீங்களே வெச்சுக்குங்க பாய். இந்தப் பழைய இரும்பையும் உங்களையும் நம்பினேன் பாருங்க, என்னச் சொல்லணும்" என்று ஊரே பார்க்கக் கத்தினேன்.  அவர் துண்டு காயக் காயத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பத்தான் செய்தது.

அடுத்த வாரமே இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்க்கு ஒரு எலக்ட்ரிக் பம்பு வாங்கி, வேறு மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டினேன். அது டேங்க் பக்கத்திலேயே இருக்கும், சூடு அண்டாது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று ஓடத் தொடங்கும். ஜமால் பாய் ஒரு முறை தஞ்சாவூர் வந்தபோது குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா பழசக் கழட்டிடாதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"எதுக்கு பாய், அழகுக்கா?"

"எலக்ட்ரிக்கு போறப்ப சொல்லாமப் போயிடும். இது அப்படியில்ல. நாலு நாள் இழுத்துக்கிட்டு, இருமிக்கிட்டு, சொல்லிட்டுத்தான் போகும். நாமதான் காது குடுக்கணும்."

அதற்குப் பிறகு எந்த மலைக்கும் நாங்கள் போகவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. போன் பேசுவோம். போவது மட்டும் நின்றுபோயிற்று. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைக்காத மாதம் இல்லை. நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன்.

இன்றைக்குக் கேட் திறந்ததும் ஜீப் முதல் ஆளாகத் தாண்டியது. உள்ளுக்குள் ஒரு சின்னக் கர்வம்கூட வந்தது. சாவு வீட்டுக்குப் போகிற வழியில் அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கு இப்போது கூசுகிறது.

பகல் 2.05, கொரடாச்சேரிக்குச் சற்று முன்னால்

சொல்லாமல்தான் போயிற்று. ஒரு இருமல் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டி அப்படியே அடங்கியது. ஓரம் கட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். டிக் டிக் இல்லை. பியூஸ் நன்றாக இருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீரில் படுத்த வயல், தூறல், நான்.

கொஞ்ச தூரத்தில் ஒரு அறுவடை மெஷின் சாலையோரம் நின்றது. ஈரத்தில் இறங்கினால் புதைந்துவிடும் என்பதால் மூன்று நாளாக அப்படியே நிற்கிறதாம். அதன் டிரைவர் செல்வராசு, ஆத்தூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். சும்மா உட்கார்ந்து அலுத்துப் போயிருந்தார். கூப்பிடாமலே வந்தார்.

பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்துப் பம்பில் வைத்துப் பார்த்தார். சத்தமில்லை.

"செத்துப் போச்சுங்க." பிறகு என்ஜின் பக்கம் எட்டிப் பார்த்தார். "அதான் பழசு இருக்குதே? இத ஏன் சும்மா விட்டு வெச்சிருக்கீங்க?"

"ஒருத்தர் கழட்ட வேணாம்னு சொன்னாரு."

"விவரமான ஆளுங்க."

தன் பெட்டியிலிருந்து ஒரு முழ ரப்பர் ஓஸ் எடுத்து வந்தார். எலக்ட்ரிக் பம்பை வழியிலிருந்து நீக்கி, டேங்கிலிருந்து வரும் குழாயைப் பழைய பம்போடு சேர்த்தார். அந்தப் பம்பின் அடியில் கையால் அடிக்க ஒரு சின்ன லீவர் உண்டு. அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டு வரவில்லை.

"உள்ள சவ்வு காஞ்சு கெடக்குதுங்க. இத்தன வருசமா பெட்ரோலே படலன்னா வெறைக்காம என்ன செய்யும்? கொஞ்சம் உள்ள ஊத்தி ஊற விடுவோம். வந்தா வரும்."

மணி 2.40. அப்போதுதான் நாகப்பட்டினம் போகிற பஸ் ஒன்று தூரத்தில் வந்தது.

"நீங்க பஸ்ல போங்க. வண்டிய நான் பாத்துக்கறேன், எங்க போயிடப் போறேன்" என்றார் செல்வராசு.

அந்தப் பஸ்ஸில் ஏறியிருந்தால் நாலு மணிக்கு அங்கே இருந்திருப்பேன். நான் ஏறவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார், ஜீப்போடுதான் போவேன் என்று நின்றேன். அன்பு என்று அப்போது நினைத்தேன். வெறும் வீம்பு.

கால் மணி நேரம் ஊறியது. லீவர் அடித்தோம். காற்று. மறுபடியும் ஊற வைத்தோம். மூன்றரைக்குக் குழாயில் முதல் சொட்டு தெரிந்தது. "வருது, வருது" என்று செல்வராசு சத்தம் போட்டார். அந்த நேரத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டி திணறித் திணறிக் கிளம்பியது.

மாலை 4.55, நாகப்பட்டினம்

நாற்பதுக்கு மேல் போனால் பெட்ரோல் போதாமல் இழுத்தது. திருவாரூரிலேயே மணி நாலேகால். கீவளூர், சிக்கல் என்று ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் எண்ணிக்கொண்டே போனேன். அடக்கம் செய்யும் மையவாடி இருக்கும் தெருவுக்குள் நுழைந்தபோது எதிரே ஆட்கள் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அதற்கு மேல் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ரியாஸ் மையவாடி வாசலில் நின்றான். கையில் இன்னும் ஈர மண் ஒட்டியிருந்தது. வண்டி நடுவழியில் நின்றுவிட்டது என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கபர்ல இறக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நிறுத்தி வெச்சோம் சார். உங்க ஜீப் சத்தம் எங்க எல்லாருக்கும் தெரியுமே. அது கேக்குதான்னு எல்லாரும் பேசாம நின்னோம். மழை வர்ற மாதிரி இருந்துச்சு, பெரியவங்க இனிமே தாமதிக்கக் கூடாதுன்னாங்க."

அவன் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உள்ளே கூட்டிப் போனான். புது மண் மேட்டின் மேல் மூன்று கை மண் எடுத்துப் போடச் சொன்னான். போட்டேன். நான்கு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பை அங்கே நின்று முணுமுணுத்தேன். மண்ணுக்கு என்ன தெரியும்.

மறுநாள் காலை 9.40, நீடாமங்கலம்

நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் எண்ணூறு ரூபாய் அறையில் படுத்திருந்துவிட்டுக் காலையில் கிளம்பினேன். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கொரடாச்சேரி தாண்டும்போது செல்வராசுவின் மெஷின் தண்ணீர் வடிந்த ஒரு மேட்டு வயலில் இறங்கியிருந்தது. கை காட்டினேன், அவர் கவனிக்கவில்லை.

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது. முப்பத்தைந்து நிமிடம், இரண்டு ரயில்; இப்போது திறக்கும் இப்போது திறக்கும் என்று வெகுநேரம் என்ஜினை அணைக்காமலே நின்றிருந்தேன். பெட்ரோல் ஜீப்புக்கு எந்தப் பம்பு நல்லது என்று யாராவது கேட்டால் எலக்ட்ரிக் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுதான் சரி. கேட் திறந்தது. சாவியைத் திருப்பினேன். பழைய பம்பு சூடேறிப் போயிருந்தது. வண்டி கிளம்பவில்லை.

பின்னால் ஹாரன் தொடங்கியது. இறங்கிப் போய் முதலில் பின்னால் நின்ற பஸ் டிரைவரைக் கும்பிட்டு, ஓரமாகத் தாண்டிப் போகச் சொல்லிக் கை காட்டினேன். அவர் ஏதோ திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார். பானெட்டைத் தூக்கினேன். பையிலிருந்த துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பம்பைச் சுற்றினேன். கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஆறு நிமிடத்திலேயே ஆறிவிட்டது. தொட்டுப் பார்த்தேன், தெரிந்தது. இருந்தாலும் துண்டை எடுக்கவில்லை. கேட் மறுபடியும் மூடியது. பத்து நிமிடம் முடிகிற வரைக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அங்கேயே நின்றேன்.