சந்தன மாதா என்ற பெயரில் மூன்று வள்ளங்கள்

செலின் போய்விட்டாள் என்று அவள் அண்ணன் போனில் சொன்னபோது நான் ஆழ்வார்திருநகரியில் வீட்டு வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "காலையில மூச்சு நின்னுட்டு. நாளைக்கு அடக்கம். வந்துருங்க," என்றார். வந்துவிடுகிறேன் என்றேன். பிறகு பைக்கை முழுவதும் துடைத்து முடித்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவரே கேட்டார். கூட வேலை பார்த்தவன், நல்லதாக நாலு வார்த்தை எழுதுவான் என்று நினைத்திருப்பார். எழுதுகிறேன். அச்சில் போடுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

தூத்துக்குடியில் ஒரு மாடியறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து சின்னதாக ஒரு கணினி அலுவலகம் நடத்தினோம். என் வயதுக்காரிதான். என் ஊரை வைத்து எனக்கு 'ஆழ்வாரு' என்று பெயர் வைத்துவிட்டாள். மத்தியானம் மீன் தொடாத எனக்கு எதிரே உட்கார்ந்து சீலாமீன் குழம்பைத் திறந்து, "ஏலே ஆழ்வாரு, மோந்தாவது பாருலே, மோட்சம் ஒண்ணும் போயிராது," என்பாள். அந்தச் சிரிப்பு உங்களுக்குத் தெரியும்.

அவள் ஊர்ப் பக்கத்து மீனவர் சங்கத்துக்கு நாங்கள் ஒரு பதிவுப் பக்கம் செய்து கொடுத்தோம். கடலுக்குப் போகும் வள்ளங்களைச் சங்க எழுத்தர் காலையில் அதில் பதிவார். முதல் பட்டியலில் ஊரைத் தேர்ந்தெடுத்தால், இரண்டாவது பட்டியலில் அந்த ஊர் வள்ளங்களின் பெயர்கள் மட்டும் வந்து நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை வைத்துத்தான் உரிமையாளரின் போன் நம்பரைக் கணினி எடுத்துக் கொடுக்கும். ஊரை மாற்றினால் இரண்டாவது பட்டியல் காலியாகிப் புதிதாக நிரம்ப வேண்டும். "மேல மாறுனா கீழ துடைச்சிரு. பழசு ஒண்ணும் ஒட்டியிருக்கக் கூடாது," என்று செலின் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

எழுத்தர் நச்சரித்தார். ஊரைத் தப்பாகத் தொட்டுவிட்டுத் திருத்தினால் வள்ளத்தையும் மறுபடி தேட வேண்டியிருக்கிறதாம். நான் புத்திசாலித்தனமாக இரண்டு வரி சேர்த்தேன்: தேர்ந்தெடுத்த பெயர் புதிய ஊரிலும் இருந்தால் பட்டியலைத் தொடாதே. கடற்கரையில் ஊருக்கு ஊர் ஒரே மாதாவின் பெயரைத்தான் வள்ளத்துக்கு வைப்பார்கள் என்பது உள்நாட்டுக்காரனான என் மண்டையில் ஏறவில்லை. 'சந்தன மாதா' மட்டும் மூன்று ஊர்களில் மூன்று இருந்தன. செலினிடம் காட்டாமலே அந்த வரிகளை ஏற்றினேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் காற்று எச்சரிக்கை வந்தது. கடலில் இருக்கும் வள்ளங்களின் உரிமையாளர்களுக்கு எழுத்தர் ஒவ்வொருவராகப் போன் செய்தார். சந்தன மாதாவுக்கு அடித்தபோது எடுத்தவர், "எங்க வள்ளம் கரையிலதான கெடக்கு," என்றார். எழுத்தர் 'கரை சேர்ந்தது' என்று குறித்துக்கொண்டார். பேசியவர் வேறு ஊர் சந்தன மாதாவின் சொந்தக்காரர். அன்று காலையில் எழுத்தர் ஊரைத் திருத்தியபோது பெயர் அப்படியே நின்றது, பின்னால் இருந்த பழைய எண்ணும் அப்படியே நின்றது.

கடலில் இருந்த சந்தன மாதாவில் பிலோமியின் புருஷன் போயிருந்தார். பிலோமி செலினோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவள், ரெண்டு வீடு தள்ளி இருப்பவள். மதியம் சங்கத்துக்கு வந்து கேட்டவளிடம் திரையைக் காட்டி, "வந்துட்டும்மா, வேற கரையில ஏறியிருப்பான்," என்று அனுப்பிவிட்டார்கள். யாரும் தேடவில்லை. மறுநாள் கவிழ்ந்து கிடந்த வள்ளத்தைப் பிடித்தபடி இரண்டு பேர் உயிரோடு கிடைத்தார்கள். பிலோமியின் புருஷன் கிடைக்கவில்லை. இன்றுவரை உடல்கூட இல்லை.

எங்கள் பதிவுப் பக்கம்தான் தப்பான போன் நம்பரைக் கொடுத்தது என்று தெரிந்ததும் கோவில் முற்றத்தில் ஊர் கூடியது. போகும் வழியில் செலினிடம் உண்மையைச் சொன்னேன். "நீ வாயத் தொறக்காத. வெளியூர்க்காரன், அடிச்சே போட்டுருவாங்க. என்னைய ஏசுவாங்க, அவ்வளவுதான்," என்றாள். கூட்டத்தில் எழுந்து, "அத எழுதுனது நான். தப்பு என்மேல," என்று சொன்னாள். பிலோமி மண்ணை வாரி அவள்மேல் தூற்றினாள். "எம் மூஞ்சில முழிக்காதளா!" என்று கத்தினாள். நான் கடைசி வரிசையில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஏழு வருடம் செலின் சுற்றுத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போனாள். பிலோமி வீட்டைத் தாண்ட அவளுக்குத் தைரியம் இல்லை. மீன் குழம்பும் நின்றது, கிண்டலும் நின்றது. எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வருடா வருடம் நினைப்பேன். நினைப்பதோடு சரி. கோழைப் பயல்.

ஆஸ்பத்திரியில் புற்றுநோய் அவளைப் பாதியாக்கிப் போட்டிருந்தது. போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பாள்: "பிலோமி வந்தாளாலே?" வருவா, வருவா என்றேன். ஒரு நடை போய்ப் பிலோமியிடம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும்.

அடக்கம் முடிந்த மறுநாள்தான் போனேன். பிலோமி வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பால் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மொதல்லயே சொல்லியிருந்தா அவளப் போய்ப் பாத்திருப்பேன்லய்யா," என்றாள். "ஒரு வாய் கஞ்சியாவது ஊத்தியிருப்பேன்லா. அவ புருஷனில்லாதவ, பிள்ள இல்லாதவ. நானும் போகல. எம் புருஷன கடல் எடுத்துச்சு, இவள நீ எடுத்துட்டியேய்யா."

செலினிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான், அவள் எனக்காகச் சுமந்த பழி. அது என்னுடையது. பூசைக்கு வந்து இந்தத் தாளைக் கையில் வைத்திருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சங்கத்தில், தெருவில், எங்கே அந்த வள்ளத்தின் பேச்சு வந்தாலும், அது செலின் இல்லை, ஆழ்வார்திருநகரிக்காரன் என்று சொல்லுங்கள். பிலோமி பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள்.