லாரி ஏறிய பரம்பரை

1. கேட்டிலிருந்து மெஷின் ஷாப் வரை

எண்பதுகளில் ஆவடியில் ஒரு தொழிற்சாலை டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்தேன். அங்கே மூன்றே வைத்தியம்தான்: வெள்ளை மாத்திரை, சிவப்பு மிக்சர், "டியூட்டிக்குப் போ". இந்த மூன்றிலும் அடங்காத வியாதியோடு ஒரு நாள் லேத் ஓட்டும் டர்னர் கன்னியப்பன் வந்தார். வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஃபோர்மேன்தான் இழுத்து வந்தார்.

"சிஸ்டர், கேட்லேர்ந்து ஷாப்புக்கு வர்றதுக்குள்ள எடத்துக்கு எடம் நிக்கிறான். தெருவுல வர்ற சாமி கூட இவ்ளோ எடத்துல நிக்காது. நடிக்கிறானான்னு பாருங்க."

கன்னியப்பனுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. "நடிக்கல சிஸ்டர். நடந்தா கெண்டக்கால் புடிச்சிக்குது. நின்னா உட்டுடுது. மறுபடி நடந்தா மறுபடி புடிக்குது."

பாதம் சில்லென்றிருந்தது. கட்டைவிரலில் ஆறாத புண். டாக்டர் பாதத்தில் நாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. காலுக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்றார்.

"பீடி உண்டா?"

"உண்டு சார். எங்க ஷாப்புல எல்லாந்தான் புடிக்கிறானுங்க. அவனுங்க நல்லா ஓடிகினு கீறானுங்களே!"

"குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி வந்திருக்கா?"

"ஐயே, இல்ல சார்."

"அப்பா எப்படி இருக்காரு?"

"அவருக்கு ஒரு கால் இல்ல. லாரி ஏறிடுச்சி."

"அப்பா கூடப் பிறந்தவங்க?"

"ஒரு சித்தப்பா கீறாரு. அவருக்கும் கால் போச்சு. அது வேற லாரி."

"லாரிக்கு உங்க குடும்பத்துக் கால் மேல அப்படி என்னய்யா கோவம்?" என்று கேட்டேன். கன்னியப்பன் சிரிக்கவில்லை.

2. பெண் பார்க்கும்வரை பொறுத்த விரல்

கோபம் லாரிக்கு இல்லை என்று எனக்குச் சந்தேகம். கன்னியப்பன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் பரம்பரை வியாதி என்று காதில் விழுந்தால், மாப்பிள்ளை வீட்டார் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விடுவார்கள். லாரி ஏறியது என்றால் "ஐயோ பாவம்" என்று சொல்லி இன்னொரு கேசரி கேட்பார்கள்.

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். "பொண்ணு பாத்துட்டுப் போவட்டும் சிஸ்டர்" என்று கன்னியப்பன் தள்ளிப்போட்டார். விரல் அதற்குள் கறுத்துவிட்டது.

கடைசியில் நானே கூட்டிக்கொண்டு போன ஆஸ்பத்திரியிலும் அதே லாரிக் கதைதான். கொஞ்ச நாள் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று அங்கிருந்த டாக்டர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டிலருகே சித்தப்பா கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "பெரியவரே, உங்க மேல ஏறின லாரி எங்கே போகிற லாரி?" என்று கேட்டேன்.

அவர் அழுதுவிட்டார். "லாரியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. எனக்கும் இப்டித்தான் வெரல் கறுத்துது. இவங்கப்பனுக்கும் அதான். ரெண்டு பேருக்கும் இவன் வயசுதான் அப்போ."

பேசிக்கொண்டிருந்த டாக்டர்களில் சர்ஜன் இதைக் கேட்டுக் கட்டிலருகே திரும்பி வந்தார். "பீடி எல்லாரையும் கெடுக்கும். ஆனா சில குடும்பத்துல ரத்தக் குழாயே சீக்கிரம் அடைச்சிக்கிற வாகுல பிறவியிலேயே வருது. அவங்களுக்கு நோய் இளம் வயசுலயே வரும், கடுமையாவும் வரும். இதை முதல்ல சொல்லக் கூடாதா?" என்று கத்தினார். தாமதிக்காமல் ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு விரல் போயிற்று. கால் தங்கியது.

கல்யாணமும் நடந்தது. கால் விரல் எங்கே என்று கேட்ட சம்பந்தியிடம், "லேத்துல இரும்பு உயுந்து போச்சு" என்றாராம் கன்னியப்பன். டர்னர் அல்லவா, லாரியைவிட இது பொருத்தம்தான்.

3. லேத்தின் மகன்

தொண்ணூறுகளில் அவர் மகன் அப்ரண்டிஸாகச் சேர மெடிக்கலுக்கு வந்தான். சட்டைப் பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்கு விரல் எப்படிப்பா போச்சு?"

"லேத்துல சிஸ்டர்."

அவன் பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பியிருந்தான். எனக்கு வந்த கோபத்தில் ஷாப்பிலிருந்து கன்னியப்பனை வரவழைத்தேன். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

 அவர் மகனின் பையிலிருந்து பெட்டியை எடுத்துக் கசக்கினார். "லேத்து இல்லடா, நம்ம ரத்தம். தாத்தாவுக்கு, சின்னத் தாத்தாவுக்கு, எனக்கு. ஊர்ல எவன் வேணா ஊதுவான், அவன் கால் நிக்கும். நமக்கு நிக்காது."

புதிதாக வருகிற நர்ஸுகளுக்கு நான் சொல்வது இதுதான். குடும்பத்தில் யாருக்காவது வியாதி உண்டா என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். யாருக்காவது கால் இல்லையா என்று கேளுங்கள். லாரி தானாக வந்து நிற்கும்.