சத்தமில்லாமல் சொன்னது

போன வாரம் ஆபீஸ் மீட்டிங்கில் ஒரு கூத்து நடந்தது. வீட்டிலிருந்தே வேலை என்பதால், ஆர்.எஸ்.புரத்து பிளாட்டில் துணி காயப்போடும் பால்கனிக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் மேனேஜர் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார், குரல் வரவில்லை. மைக்கை அணைத்து வைத்திருந்ததை மறந்துவிட்டார். நான் பாட்டுக்கு, "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாதுங்க சார், திங்கக்கிழமை குடுத்தர்றேன்" என்று பதில் சொல்லிவிட்டேன். மற்ற எட்டுப் பேரும் திருதிருவென்று விழித்தார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லையாம். எனக்கும்தான் கேட்கவில்லை. ஆனால் கேட்கவில்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை. குத்துமதிப்பாகச் சொன்னேன் சார் என்று சமாளித்து வைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால் நான் பிறந்து வளர்ந்த சோமனூரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்கு அந்த மீட்டிங் பத்தாது. உங்களிடம் சொல்லலாம்.

எங்கள் வீட்டில் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தறி குடோன். ஆறு விசைத்தறிகள். ஆறும் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்கள் வீட்டில் யாரும் கத்த மாட்டார்கள். உதட்டை அசைத்தால் போதும். அப்பா கடைசித் தறியில் நின்றுகொண்டு, "நூல் அந்துபோச்சு" என்று வாயசைப்பார், முதல் தறியிலிருந்து அம்மா தலையை ஆட்டுவாள். சாப்பாட்டுக்கு என்ன குழம்பு, யார் வீட்டுச் சீருக்கு யார் போவது, சித்தப்பாவோடு சண்டை, சமாதானம் எல்லாமே அந்த இரைச்சலுக்கு நடுவில் சத்தமில்லாமல் நடந்து முடியும். நடக்கக் கற்றுக்கொண்ட வயதில் நான் இதையும் கற்றுக்கொண்டிருக்க வேண்டும், எப்போது என்று ஞாபகமில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மெதுவாகப் பேச வராது. ஒன்று ஊமை, இல்லாவிட்டால் ஒலிபெருக்கி. வகுப்பில் பென்சில் கேட்டால் பக்கத்து வகுப்பிலிருந்து பென்சில் வரும். கல்யாணமான புதிதில் நான் சட்னியைப் பற்றிப் பேசியதைச் சண்டை என்று நினைத்து மாமியார் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பஞ்சும் அப்படித்தான், எங்களை விட்டுப் போகாது. தலையில் பஞ்சு, நோட்டுக்குள் பஞ்சு, தாளித்த கடுகோடு சேர்ந்து ரசத்தில் பஞ்சு. தறிக்கு விடுகிற எண்ணெயும் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியும் கலந்த ஒரு வாசனை என் பள்ளிச் சீருடையில் எப்போதும் இருக்கும். இப்போதுகூட எங்காவது மெக்கானிக் கடையைத் தாண்டும்போது அந்த எண்ணெய் மூக்கில் பட்டால், நாளைக்கு என்ன பரீட்சை என்று ஒரு கணம் யோசிக்கிறேன்.

நான் ப்ளஸ் ஒன் போனபோதுதான் மஞ்சுளா வந்து சேர்ந்தாள். ஆனைமலைப் பக்கத்துப் பெண். அவள் அப்பா, அம்மா இருவருக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டின பிறகுதான் வருவார்கள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. பள்ளி விட்டுப் போனால் அவளும் ஒரு சுவர்க்கடிகாரமும்தான் வீட்டில். என் பெஞ்சில் உட்கார்ந்த முதல் நாளே என் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

குடோன் வாசலில் நின்றதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அப்பா தறிகளை நிறுத்திவிட்டு வந்து, "வாங்க கண்ணு, உள்ள போயி உக்காருங்க" என்றார். எங்கள் அப்பா நாய்க்குட்டியைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். மஞ்சு அதிலேயே விழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் தவறவில்லை.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. கரண்ட் எங்கள் வாழ்க்கையை இப்படிப் பங்கு போட்டிருந்தது: கரண்ட் இருந்தால் தறி ஓடும், தறி ஓடினால் நான் தார் போட வேண்டும். தார் போடுவதென்றால், தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டைகளில் நூல் சுற்றிக் கொடுப்பது. சுற்றுவதற்கு மிஷின் உண்டு, கட்டை மாற்றுவதற்கு நான். படிக்க வெளிச்சம் வருவதும் அதே கரண்டில்தான். ஆக வேலையும் படிப்பும் கைகோத்துக்கொண்டு ஒன்றாக வரும். கரண்ட் போனால் இரண்டும் போய்விடும், எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவோம். அம்மா முறுக்கு டப்பாவைத் திறப்பாள், மஞ்சு, அவள் அம்மா பஸ்ஸில் கேட்டு வந்த கதைகளையெல்லாம் அவிழ்த்துவிடுவாள். பரீட்சை வருஷத்தில் மின்வெட்டுக்காகச் சாமி கும்பிட்ட ஒரே பெண் நானாகத்தான் இருக்கும்.

மஞ்சுவும் சும்மா இருக்க மாட்டாள். தார்க் கட்டை எடுத்துக் கொடுப்பாள். மிஷின் ஓடும்போது இயற்பியல் புத்தகத்தை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வாள். எனக்குச் சந்தேகம் இல்லாத இடத்திலெல்லாம் அவளுக்குச் சந்தேகம் வரும். நான் விளக்க வேண்டும், விளக்கினால் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த இரைச்சலில் என் குரல் எட்டாமல் அப்படிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டுவிட்டேன் பாருங்கள், அதுதான் நான் செய்த தப்பு.

ப்ளஸ் டூ அரையாண்டுத் தேர்வில் கணக்கில் இருநூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வாங்கினேன். கணக்கு டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா தறியை நிறுத்திவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, டீச்சர் சொன்னதற்கெல்லாம் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. தொழிற்கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தார் மிஷினே கதி என்று எனக்கே தெரியும்.

எதையாவது குறைத்தாக வேண்டும். வீட்டு வேலையைக் குறைக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்ல முடியாது, அவளே நாளெல்லாம் நின்றுகொண்டிருக்கிறாள். படிப்பைக் குறைக்க முடியாது. மூன்றில் ஒன்றைக் கழிக்க வேண்டுமென்றால், எதிர்த்துக் கேட்காததைத்தான் கழிப்போம். நானும் அதைத்தான் செய்தேன்.

ஒரு சாயங்காலம் ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. மஞ்சு என் பக்கத்து ஸ்டூலில் மடியில் புத்தகத்தோடு இருந்தாள். முதல் தறியிலிருந்து அம்மா வாயசைத்துக் கேட்டாள், "இந்தப் புள்ள டெய்லியும் வருதே, உனக்குப் படிக்க முடியுதா கண்ணு?"

நான் வாயசைத்தேன். "எங்கீம்மா. இவ வந்தா எனக்கு ஒண்ணும் ஏற மாட்டீங்குது. ஊட்டுல ஆளில்லைன்னு இங்க வந்து ஒட்டிக்கிட்டா. எப்படி வராதேன்னு சொல்றதுன்னே தெரியலை."

அவளை வைத்துக்கொண்டே, அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. வெளியாட்களுக்கு எங்கள் வாயசைப்புப் பேச்சு புரியாது என்பது தறிக்காரர் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிற நம்பிக்கை. வீட்டுக்கு வந்த விருந்தாளியை வைத்துக்கொண்டே அவருடைய சட்டையைப் பற்றிப் பேசிச் சிரிக்கிற ஜாதி நாங்கள். மஞ்சு கொஞ்ச நேரம் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் தலையசைத்துவிட்டுக் கிளம்பிப் போனாள். கையிலிருந்த தார்க் கட்டைகளைப் பத்திரமாகப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது, இதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் நாள் வகுப்பில் டீச்சர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். மஞ்சு ஜன்னலோரப் பெஞ்சுக்கு மாறியிருந்தாள். நான் திரும்பிப் பார்த்ததும், குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து, எங்கள் அம்மா பேசுவதைப் போலவே அழுத்தம் திருத்தமாகச் சொன்னாள்:

"நான் இனி வரலை. நீ படி."

ஒன்றரை வருஷமாக அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. எங்கள் வீட்டுப் பாஷையைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். யாரும் சொல்லித் தராமல், எங்களில் ஒருத்தியாக உட்கார்ந்து பேச வேண்டும் என்ற ஆசையில். கற்று முடித்ததும் அவள் முதலில் படித்த நீள வாக்கியம் நான் சொன்னதாக இருந்திருக்கிறது. பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஆனைமலைக்குப் போயிருப்பதாகத் தெரிந்தது. அங்கே மாசாணியம்மன் கோயிலில், அநியாயம் செய்யப்பட்டவர்கள் மிளகாய் அரைத்துப் பூசுவார்கள், செய்தவர்களுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பார்கள். திங்கட்கிழமை காலை இட்லிக்கு வைத்த மிளகாய்ப் பொடி தொண்டையில் எரிந்தபோது, சரி, ஆரம்பித்துவிட்டது என்றே நினைத்தேன். சிரிக்காதீர்கள், பதினேழு வயது. அதைவிட ஒரு வேடிக்கை, அவள் இல்லாமல் எனக்குப் படிப்பும் ஓடவில்லை. சந்தேகம் கேட்க ஆளில்லாததால் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை, விளக்காததால் எதுவும் நிற்கவில்லை. புத்தகத்தைப் பிடித்தபடி தூங்கினேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் தறியை நிறுத்தினாள். அம்மா பகலில் தறியை நிறுத்தி நான் அதிகம் பார்த்ததில்லை. "கேட்டவ நானு. எனக்கும் பாவந்தான். போயி அந்தப் புள்ளகிட்டச் சொல்லிப்போட்டு வா" என்றாள்.

போனேன். மஞ்சு வீட்டு வாசலில் வீட்டுக்காரம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மஞ்சு கதவருகே நின்றாள். அந்த வீட்டுக்குள்ளிருந்து கடிகாரம் ஓடுவது வாசல் வரை கேட்டது. இத்தனை பேருக்கு முன்னால் எப்படி? எனக்குத் தெரிந்த வழியில், சத்தமில்லாமல், உதட்டை அசைத்தேன். "தப்பாச் சொல்லிப்போட்டேன். நீ வா."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சொன்னாள், "கேக்கலை. சத்தமாச் சொல்லு."

கேட்டிருந்தது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொன்னேன். நான் சத்தமாகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். கீரை ஆய்ந்த மூன்று பேரும் கையை நிறுத்தினார்கள், எதிர்வீட்டு மாடியில் ஒருவர் எட்டிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுகையும் சத்தமாகத்தான் வந்தது. மஞ்சு உள்ளே போய் ஆனைமலையிலிருந்து கொண்டுவந்த குங்குமப் பொட்டலத்தை எடுத்து வந்து என் நெற்றியில் வைத்தாள். "மொளகா அரைக்கலை" என்றாள். "அங்க போறப்ப நெனச்சேன். மாசாணியம்மா முகத்தப் பாத்தப்பறம் தோணலை."

மறுநாள் முதல் திரும்ப வந்தாள். ஸ்டூல், தார்க் கட்டை, இயற்பியல் எல்லாம் பழையபடி. நான் கணக்கில் தேறினேன், கல்லூரியில் இடம் கிடைத்தது, அவளும் கோயம்புத்தூரிலேயே பி.காம் சேர்ந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் மாறியது. தறி ஓடும்போது நானும் அம்மாவும் பேச ஆரம்பித்தால், மஞ்சு உடனே தலையைக் குனிந்துகொள்வாள். நாங்கள் முடித்துவிட்டோம் என்று தெரியும்வரை நிமிர மாட்டாள். நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை, அவளாகவே தந்த மரியாதை.

தறிகள் இப்போது இல்லை. எடைக்குப் போட்டாயிற்று, குடோனில் யாரோ தண்ணீர் கேன் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அப்பா இல்லை. சமையலறையில் ஊசி விழுந்தால் கேட்கிறது, ஆனால் கேட்க அம்மாவுக்குக் காது இல்லை. இத்தனை வருஷ இரைச்சல் அதைத் தின்றுவிட்டது. அதனால் அந்த அமைதியான வீட்டில் நானும் அவளும் இன்னும் வாயசைத்துத்தான் பேசிக்கொள்கிறோம்.

இந்தப் பொங்கலுக்கு மஞ்சு பிள்ளைகளோடு வந்திருந்தாள். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அம்மா அவளை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி வாயசைத்தாள், "இந்தப் புள்ள இல்லீன்னா அந்த வருசம் நீ என்ன கண்ணு பண்ணியிருப்பே?"

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேம்மா" என்றேன். "எனக்குக் கூடப் பொறந்தவ இல்லாத கொறையே தெரியாமப் பண்ணிப்போட்டா."

பக்கத்தில்தான் இருந்தாள் மஞ்சு, ஒரு முழத் தூரத்தில். நாங்கள் பேச ஆரம்பித்ததுமே போனை எடுத்துக் குனிந்துகொண்டுவிட்டாள். அவள் பார்க்கவில்லை.