கொள்ளுச்செடியில் மாட்டிய கைச்சைக்கிள்

“...பின்னாடி நான் வாரேன்ல, அப்புறம் என்ன பயம்? நீங்க ரோட்டைப் பாத்துச் சுத்துங்க” என்றாள் ஸ்கூட்டரில் இருந்த என் மனைவி செல்வி.

கால்கள் நடக்காத எனக்கு, தரையோடு தாழ உட்கார்ந்து கையால் சுற்றி ஓட்டும் சைக்கிளில் மாரத்தான் போக ஆசை. முன் ஏர் போன வழியே பின் ஏர் என்பார்கள். திண்டுக்கல்லில் இருந்து பழனி போகும் சாலையில் தினமும் அப்படித்தான் எங்கள் பயிற்சி.

அன்று, வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று சாலையில் கொள்ளுச்செடியைப் பரப்பியிருந்தார்கள். நம் சக்கரமும் கொஞ்சம் உதிர்க்கட்டுமே என்று உற்சாகமாகப் புகுந்தேன். செடி சங்கிலியில் சுற்றிக்கொண்டு, சைக்கிள் நடுச்சாலையில் நின்றுவிட்டது. எதிரே வேகமாக ஒரு பேருந்து. செல்வி ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடிவந்து, இரண்டு கைகளையும் விரித்து என் முன்னால் நின்றாள்.

பேருந்து நின்றது. “ஆளா இருக்கு? செடி குமிஞ்சு கெடக்குன்னுல்ல நெனச்சேன்” என்றார் ஓட்டுநர். பயணிகள் இறங்கிச் சங்கிலியில் இருந்த செடியைப் பிடுங்கினார்கள்.

“அண்ணே, எங்க கொள்ளைக் குடுத்துட்டுப் போங்க” என்றார் என்னிடம், செடியைப் பரப்பியிருந்த காட்டுக்காரர். எல்லோரும் சிரித்தோம்.

இப்போதெல்லாம் செடி கிடந்தால், செல்வி வழி ஒதுக்கும்வரை ஓரமாக நிற்கிறேன். சைக்கிளில் உயரமான கொடி கட்டாமல் கிளம்புவதும் இல்லை. அந்தக் கொடி அங்கேயே வந்ததுதான். அன்று பேருந்து போனதும், “வீட்டுக்குத் திரும்பிருவமா?” என்று செல்வியிடம் கேட்டேன். அவள் தன் சிவப்புத் துப்பட்டாவை ஒரு கம்பில் கட்டி என் இருக்கைக்குப் பின்னால் செருகிவிட்டு, பழனிப் பக்கமாகக் கையை நீட்டினாள்.