அண்ணி துடைத்த புள்ளி

என் அண்ணிக்குத் துடைக்கிற வேலை. வீட்டையல்ல, அந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்த்தால்தானே. இதைக்கூடச் சொல்லாவிட்டால் நான் என்ன நாத்தனார்? வான ஆய்வுக்கூடத்தில் கணினி முன் உட்கார்ந்து, தொலைநோக்கி எடுத்த படங்களிலிருந்து நட்சத்திரத்தின் ஒளியைத் துடைத்தெடுப்பார். கண்ணைக் கூசவைக்கும் அந்த ஒளி போனால்தான், இளம் நட்சத்திரத்தைச் சுற்றிக் கிடக்கும் தூசித் தட்டு தெரியும். அந்தத் தூசி திரண்டுதான் கோள்கள் பிறக்கின்றனவாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு புள்ளியைப் பார்த்துக் கோள் என்று அறிவித்துவிட்டார். அது பின்னால் வெகுதூரத்தில் இருந்த வேறொரு நட்சத்திரம். ஆய்வுக்கூடத்தில் ஆளாளுக்குக் கிண்டலடித்தார்கள். அன்றிலிருந்து, சந்தேகமான புள்ளி எதுவும் மிஞ்சாதபடி, துடைக்கும் கணினி நிரலை இறுக்கிக்கொண்டே போனார். இன்னொரு முறை சறுக்கினால் அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு மாலை அவரை அழைத்துவர ஸ்கூட்டரில் போனேன். ஆள் நாற்காலியை விட்டு எழுவதாக இல்லை. திரையில் ஒரு தூசித் தட்டு. அதில் வட்டமாக ஒரு கறுப்பு இடைவெளி. ஏதோ ஒன்று சுற்றிச் சுற்றி வந்து அங்கே தூசியை வழித்திருக்க வேண்டும், ஆனால் அதைத்தான் காணோம் என்று புலம்பினார். எனக்கோ பசி உயிர் போனது.

பிறகு அந்த இடைவெளியில் தானே ஒரு போலிப் புள்ளியை வைத்து நிரலை ஓட்டினார். நிரல் போலியை விட்டுவைத்தால் நிஜத்தையும் விட்டுவைக்கும். எல்லோரும் செய்கிற சோதனைதான். இறுக்குகிற மும்முரத்தில் இவர் அதைத் தள்ளிப்போட்டிருந்தார். போலிப் புள்ளி சுத்தமாக மறைந்தது. அப்படியென்றால் நிஜத்தையும் நிரல் துடைத்திருக்கும்.

போலியை எடுத்துவிட்டு, நிரலைத் தளர்த்தி மறுபடி ஓட்டினார். இடைவெளிக்குள் ஒரு புள்ளி நின்றது. பழைய வருடத்துப் படங்களையும் அப்படியே ஓட்டினார். அவற்றிலும் இருந்தது. பின்னால் உள்ள நட்சத்திரமாக இருந்தால், இந்த நட்சத்திரம் நகர நகர அது பின்தங்கியிருக்கும். இது கூடவே வந்திருந்தது. இடைவெளியின் வழியே கொஞ்சம் சுற்றியும் வந்திருந்தது.

"உள்ளதான் இருந்திருக்கும்மா. நான்தான் இத்தன நாளும் துடைச்சுத் துடைச்சு எறிஞ்சிருக்கேன்."

எனக்குப் புல்லரித்தது. ஓர் உலகம், இன்னும் உருவாகி முடியாதது, தன் பாதையைத் தானே வழித்துக்கொண்டு போகிறது. அதை நான் பார்க்கிறேன். பசி எங்கே போனதென்று தெரியவில்லை.

அண்ணி தன் மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

"சார், ஒரு புள்ளி கெடச்சிருக்கு. கோள்னு நெனைக்கிறேன்." திரையை இன்னொரு முறை பார்த்தார். "இல்ல சார். கோள்தான்."