காக்கியைக் கண்ட கை

ரேடியேட்டர் கொதித்து, கடத்தூர்ச் சாராயக்கடை முன்னால் பஸ் நிற்கிறது. மதுவிலக்கை எடுத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. சர்க்கார் லைசென்ஸ் உள்ள கடை, பட்டப்பகல், யாரும் ஒளிய வேண்டியதில்லை. வாசல் பெஞ்சில் ஒரு பெரியவர் நிதானமாகக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் கண்டக்டர் தண்ணீர் கேட்டு வாளியோடு வருகிறார். பெரியவர் பதறி எழுகிறார். கிளாஸ் முதுகுக்குப் பின்னால் போகிறது. தோள்துண்டு கக்கத்துக்கு இறங்குகிறது. சாராயம் வேட்டியில் வழிகிறது. கண்டக்டர் அவர் பக்கம் திரும்பாமலே வாளியை நிரப்பிக்கொண்டு போகிறார்.

எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

"இப்பக் குடிச்சாக் குத்தமில்லையேங்க. அவரும் போலீஸ் இல்ல, கண்டக்டர்தானே?"

"அது எனக்குத் தெரியாதுங்களா?" என்கிறார் பெரியவர். "அந்தக் காலத்துல ஸ்டேஷன்ல வெச்சு அடிச்ச அடிங்க. காக்கியக் கண்டா இந்தக் கை எம்பேச்சக் கேக்கறதில்லீங்க."

பஸ் கிளம்புகிறது. அவர் இன்னும் உட்காரவில்லை.

"அந்தப் பெரியவரைத் தெரியுமா?" என்று கண்டக்டரைக் கேட்கிறேன்.

அவர் டிக்கெட் கட்டைப் பார்த்தபடியே சொல்கிறார்: "எங்கப்பாங்க. வூட்டுக்குப் போயி நான் இந்தச் சட்டையக் கழட்டுன பொறகுதான் எங்கூட உக்காந்து சோறு திங்கறாரு."